வேன் வராத நாட்கள்

எங்கள் வீட்டுச் சுவரில் ஏழு கட்டம் போட்ட அட்டை ஒன்று தொங்குகிறது. திங்கள், புதன், சனி கட்டங்களில் விசைப்படகுப் படம். திங்கள் முதல் வெள்ளி வரை பள்ளி வேன் படம். ஞாயிற்றுக்கிழமைக்கு மாதா கோயில். என் மகனுக்கு 11 வயது, ஆட்டிசம் உள்ள பிள்ளை. காலண்டர் அவனுக்குப் பிடிபடவில்லை. ஆனால் எங்கள் ராமேஸ்வரம் தீவுப் பக்கத்து விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள் கடலுக்குப் போகும் முறை நன்றாகப் பிடிபட்டது. அப்பா படகுக்குப் போகும் நாள், போகாத நாள் என்றுதான் அவன் கிழமைகளைக் கற்றுக்கொண்டான்.

ஏப்ரல் 15 அன்று கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும். ஜூன் 14 வரை, மொத்தம் 61 நாள். அதை ஒட்டியே பள்ளிக்கும் கோடை விடுமுறை வந்துவிடும். சில நாள் இடைவெளியில் அட்டையிலிருந்து படகும் போய்விடும், வேனும் போய்விடும். தெருவில் மற்ற பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். இவன் காலை எட்டு மணிக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனையில் போய் நிற்பான். வேன் வராது. அரை மணி நேரத்தில் புறங்கையைக் கடிக்கத் தொடங்குவான். காசு இல்லாத மாதங்களும் அவைதான். தடைக்கால நிவாரணமாக அரசு தருவது 8,000 ரூபாய். பேச்சுப் பயிற்சிக்காக ராமநாதபுரத்துக்குப் பஸ் ஏறுகிற குடும்பங்கள் முதலில் நிறுத்துவது அந்தப் பயணத்தைத்தான்.

ஆட்டிசம் என்றால் என்ன, சிறப்புப் பள்ளியில் என்ன நடக்கிறது, அந்தப் பள்ளிக்குத் தோள் கொடுப்பது எப்படி என்று கேட்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான். இந்தப் பிள்ளைகளுக்கு வேண்டியது முறை தவறாமல் வருகிற நாள். ஊர் அவர்கள் பள்ளிக்குக் கொடுக்கிற உதவியோ வருடத்தில் ஒரு நாள் வந்து போகிறது.

ஆட்டிசம் நோய் கிடையாது. மூளை வளரும் விதமே பிறப்பிலிருந்து வேறாக இருப்பது. பிறரோடு பேசிப் பழகுவதில் சிரமம், ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வது, மாற்றத்தைத் தாங்க முடியாதது, ஒலி, ஒளி, தொடுதல், ருசி இவற்றை நம்மைவிட மிகக் கூடுதலாகவோ குறைவாகவோ உணர்வது, இவை அதன் பொது அடையாளங்கள். 1943-ல் லியோ கானர் என்ற மருத்துவர் 11 பிள்ளைகளைக் கவனித்து எழுதிய கட்டுரையிலிருந்துதான் மருத்துவ உலகம் இதைத் தனியாகப் பார்க்கத் தொடங்கியது. ஒரு பிள்ளை வாயே திறக்காது, இன்னொன்று ஓயாமல் பேசும். இப்படி வெவ்வேறாக இருந்தாலும் எல்லாம் ஒரே நிறமாலையின் பகுதிகள் என்று 2013-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் வகைப்பாட்டில் ஒன்றாகச் சேர்த்தார்கள்.

யார் தப்பு என்ற கேள்விதான் குடும்பங்களை உடைக்கிறது. 1950-களிலும் 60-களிலும் அமெரிக்காவில் பெரிய பெரிய மருத்துவர்களே தாயிடம் பாசம் இல்லாததால் பிள்ளை இப்படி ஆனது என்று சொன்னார்கள். குளிர்ந்துபோன தாய் என்று பட்டம் வேறு. ஆட்டிசம் உள்ள மகனை வளர்த்த பெர்னார்ட் ரிம்லாண்ட் என்ற உளவியலாளர் 1964-ல் இதை மறுத்து, காரணம் உடற்கூற்றில் இருக்கிறது என்று எழுதினார். மரபணுக்களின் பங்கு பெரியது என்று இன்று நன்றாகத் தெரியும். ஆனால் எங்கள் தெருவில் அந்தப் பழைய குற்றச்சாட்டு வேறு உருவத்தில் உலவுகிறது. கிரகணத்தன்று வெளியே வந்தாயா, செல்போனைக் கையில் கொடுத்தாயா, தடுப்பூசி போட்டதில் வந்ததா என்று என்னிடம் எத்தனையோ பேர் கேட்டுவிட்டார்கள். அந்தத் தடுப்பூசிக் கதை 1998-ல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்ற பிரிட்டிஷ் மருத்துவர் வெறும் 12 பிள்ளைகளை வைத்து எழுதிய கட்டுரையிலிருந்து கிளம்பியது. 2010-ல் அதை வெளியிட்ட லான்செட் மருத்துவ இதழே திரும்பப் பெற்றது. அவருக்கு மருத்துவம் பார்க்கும் உரிமமும் போனது. தடுப்பூசியைத் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

அரசுத் தாள்களில் இந்தப் பிள்ளைகளைப் ‘புற உலகச் சிந்தனையற்றோர்’ என்று எழுதுகிறார்கள். அந்தச் சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் வலிக்கிறது. மூன்று தெரு தள்ளி மைக் செட்காரர் ‘ஹலோ, ஹலோ’ என்று சோதித்துப் பார்க்கும்போதே காதைப் பொத்திக்கொள்கிறவன் என் மகன். படகு கட்டும் ஜெட்டியில் ஐஸ் உடைக்கிற மிஷின் ஓடினால் பாயைச் சுருட்டி அதற்குள் போய்ப் படுத்துக்கொள்வான். புற உலகம் அவனுக்குள் தாங்க முடியாத அளவுக்கு வந்து விழுகிறது. ஆட்டிசத்துக்குத் தமிழில் வழங்குகிற மதியிறுக்கம் என்ற சொல்லிலும் எனக்கு முழு உடன்பாடில்லை. பள்ளியில் எல்லாரும் ஆட்டிசம் என்றே சொல்கிறோம், அதுவே போதும்.

கண்டுபிடிப்பதில்தான் இந்தக் கரையில் காலம் வீணாகிறது. ‘அவன் சித்தப்பா நாலு வயசுலதான் பேசுனான்’ என்று ஆறுதல் சொல்ல எல்லா வீட்டிலும் ஒரு பெரிய மனுஷி இருப்பார். பாசத்தில் சொல்வதுதான். ஆனால் சில அடையாளங்களுக்காகக் காத்திருக்கக் கூடாது. ஒரு வயது முடிந்தும் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதது, வேண்டிய பொருளை விரல் நீட்டிக் காட்டாதது, 16 மாதத்தில் ஒரு வார்த்தைகூட வராதது, இரண்டு வயதில் தானாக இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்லாதது, வந்த பேச்சு எந்த வயதிலானாலும் நின்றுபோவது. கடைசியாகச் சொன்னதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவே கூடாது. என் மகன் ‘மா’, ‘பூ’ என்று சொல்லிக்கொண்டிருந்து ஒன்றேகால் வயதில் நிறுத்தினான். நாங்கள் போன மருத்துவமனையில் ‘ஆம்பளப் பிள்ளை, வளர வளரச் சரியாயிடும்’ என்று சொல்லி அனுப்பினார்கள். ஒன்றரை வருடம் அப்படியே போயிற்று. மூளை வேகமாக வளர்கிற வயதில் ஒன்றரை வருடம் என்பது பெரிய இழப்பு.

கீழக்கரை, தொண்டி பக்கத்துத் தாய்மாருக்கு இன்னொரு சங்கடம் உண்டு. பிள்ளையின் அத்தா, அதாவது அப்பா, வளைகுடா நாட்டில் வேலையில் இருப்பார். வீடியோ காலில் பிள்ளை சிரிப்பதைத்தான் அவர் பார்க்கிறார். ‘நான் ஊருக்கு வந்து பார்த்துக்கிறேன்’ என்பார். அவர் வருவதற்குள் பிள்ளைக்கு நாலு வயது ஆகிவிடும்.

சந்தேகம் வந்தால் அங்கன்வாடிக்கோ பள்ளிக்கோ வருகிற நடமாடும் மருத்துவக் குழுவிடம் சொல்லலாம். 2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ் வருகிற குழு அது. அவர்கள் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்பிவைப்பார்கள். மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்கு இந்தியாவில் உருவாக்கிய 40 கேள்விகள் கொண்ட அளவுகோலை வைத்துப் பிள்ளையைப் பார்ப்பார்கள். பாதிப்பு 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால் சட்டத்தின் முக்கியமான உரிமைகள் கிடைக்கும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை மாற்றுத்திறன்களைப் பட்டியலிடுகிறது. ஆட்டிசம் அதில் தனியாகவே இருக்கிறது. 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி பெறுவது உரிமை. அருகிலுள்ள சாதாரணப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்று குடும்பம் தேர்ந்தெடுக்கலாம். மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் வருடம் 1 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும், பயிற்சிச் செலவும் அதில் சேரும். இந்தக் காப்பீட்டைப் பற்றி எங்கள் பள்ளி வாசலில்தான் இன்னொரு தாய் சொல்லி எனக்குத் தெரிந்தது.

‘பள்ளிக்கூடத்துல என்ன படிக்கிறான்?’ என்று கேட்கிறார்கள். டவுசர் போடப் படித்தான். சொல்கிறேன், கேளுங்கள். டவுசர் போடுவதை டீச்சர் ஏழு படியாகப் பிரித்தார். முதல் ஆறு படிகளை அவரே செய்வார். இடுப்புக்கு இரண்டு விரற்கடை கீழே கொண்டுவந்து நிறுத்திவிட்டு, கையை எடுத்துவிட்டுக் காத்திருப்பார். அந்த இரண்டு விரற்கடையை மட்டும் அவன் இழுக்க வேண்டும். இழுத்தால் வேலை முடிந்தது, ஊஞ்சலுக்குப் போகலாம். அது நன்றாகப் பழகிய பிறகு முழங்காலில் நிறுத்துவார். இப்படிக் கடைசிப் படியிலிருந்து முதல் படிக்குப் போக நாலு மாதம் ஆயிற்று. ஒவ்வொரு தடவையும் வேலையை முடித்தவன் அவனாகவே இருக்கிறான், அதுதான் இந்த முறையின் சூட்சுமம். ஆனால் வீட்டில் என் மாமியார் ‘பாவம் பிள்ளை’ என்று முழுசாகப் போட்டுவிட்டால் பள்ளியில் செய்த வேலை அன்றே கரைந்துவிடும். அவரையும் ஒரு நாள் பள்ளிக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்த பிறகுதான் வழிக்கு வந்தது. வீட்டுக்கொரு முறை, பள்ளிக்கொரு முறை என்றால் இந்தப் பிள்ளைகள் தடுமாறிப்போவார்கள்.

பேச்சும் அப்படித்தான். படஅட்டையைக் கொடுத்து வேண்டியதைக் கேட்கும் முறை 1985-ல் அமெரிக்காவில் உருவானது. அட்டையைப் பழக்கினால் பேச்சே வராது என்று பயந்து நான் ஆறு மாதம் எதிர்த்தேன். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. அட்டை பேச்சைத் தடுப்பதில்லை, பல பிள்ளைகளுக்கு அதுவே பேச்சுக்கு வாசலாகிறது. என் மகன் முதன்முதலில் என் கையில் வைத்த அட்டை இடியாப்பம். அதுவரை பசித்தால் தலையைச் சுவரில் மோதுவான். அன்று மோதவில்லை. நான் அட்டையைப் பிடித்துக்கொண்டு அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ‘தண்ணி’ என்ற வார்த்தை ஏழாவது வயதில் வந்தது.

இப்போது வேனுக்கு வருகிறேன். தங்கச்சிமடத்திலிருந்து பாம்பன் பாலம் தாண்டித்தான் எங்கள் வேன் போக வேண்டும். லீவு நாட்களை ஒட்டி சுற்றுலா வண்டிகள் பாலத்தின் ஓரத்திலேயே நின்றுவிடும். 2025 ஏப்ரலில் புது ரயில் பாலம் திறந்த பிறகு படம் எடுக்கிற கூட்டம் இன்னும் கூடிவிட்டது. ஒரு போட்டோவுக்காக நிறுத்திய காருக்குப் பின்னால், எதற்கு நின்றது என்று புரியாத பிள்ளைகள் நிறைந்த ஒரு வேன் நிற்கலாம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. அரை மணி நேரம் நின்றால் ஒருவன் கத்தத் தொடங்குவான், அந்தச் சத்தத்தில் மற்றவர்களும். அது அடம் இல்லை. தாங்கும் அளவு தாண்டி உடைந்துபோவது. அடம் பிடிக்கிற பிள்ளை நாம் பார்க்கிறோமா என்று ஓரக்கண்ணால் பார்க்கும். உடைந்துபோன பிள்ளைக்கு நாம் இருப்பதே தெரியாது. அந்த நேரத்தில் அதட்டலும் சமாதானமும் வேலைக்காகாது. சத்தத்தைக் குறைத்து, கூட்டத்தை விலக்கி, பக்கத்தில் பேசாமல் இருக்க வேண்டும்.

போன வருடம் பழைய வெள்ளை வேன் என்ஜின் போய் நின்றுவிட்டது. வாடகைக்கு வந்தது மஞ்சள் வேன். அவன் ஏறவில்லை. ரோட்டிலேயே உட்கார்ந்துகொண்டான். டிரைவர் அண்ணன் தூக்கி ஏற்றிவிடலாம் என்றார், டீச்சர் வேண்டாம் என்றார். மறுநாள், பழைய வேன் கதவில் ஒட்டியிருந்த, ஓரமெல்லாம் கிழிந்த வேன் படத்தைப் பிய்த்துக்கொண்டுவந்து மஞ்சள் வேன் கதவில் ஒட்டினார். அவன் கிட்டே போய் அந்தக் கிழிந்த மூலையைத் தடவிப் பார்த்தான். அன்றும் ஏறவில்லை. மூன்றாம் நாள் ஏறினான். அந்த மூன்று நாளும் வேன் எங்கள் தெருமுனையில் பத்துப் பத்து நிமிடம் காத்திருந்தது. காத்திருக்கவும் டீசல் வேண்டும், காத்திருக்கத் தெரிந்த டீச்சரும் வேண்டும்.

பள்ளிக்கு வரும் உதவி எப்படி இருக்கிறது என்று பாருங்கள். பிறந்தநாள், நினைவுநாள், நோன்புக் காலம், கிறிஸ்துமஸ் என்று மதியச் சாப்பாடு போட நல்ல மனசோடு நிறைய பேர் வருகிறார்கள். ஒரே மாதத்தில் நாலு பிரியாணி வந்ததுண்டு. அவர்கள் மனசை நான் மதிக்கிறேன். ஆனால் பிள்ளைகளின் பக்கமிருந்து பாருங்கள். தெரியாத இருபது பேர் உள்ளே வருகிறார்கள். கைதட்டிப் பாட்டு, பலூன், கேக், போட்டோ. வழக்கமான தட்டில் வழக்கமான சோறு இல்லை. என் மகன் வெள்ளையாக இருக்கும் சாப்பாட்டைத்தான் தொடுவான். அன்று பட்டினி. சாயங்காலம் வரை ஒரு பாடமும் நடக்காது.

அதே மாதத்தில் டீச்சருக்குச் சம்பளம் பாதிதான் போயிருக்கும். சிறப்பு ஆசிரியர் என்றால் அதற்கான படிப்பு படித்து, 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அப்படிப்பட்டவர்கள் இந்தக் கரைக்கு வருவதே அபூர்வம். வந்தவர்களும் மதுரையில் நல்ல சம்பளம் கிடைத்தால் போய்விடுகிறார்கள், அவர்களையும் குறை சொல்ல முடியாது. ஒரு டீச்சரின் குரலுக்கும் கைக்கும் பழக ஒரு வருடம் எடுத்துக்கொண்ட பிள்ளை, அவர் போனால் திரும்பவும் முதலிலிருந்து தொடங்குகிறது. அதனால்தான் கேட்கிறேன். வருடத்தில் ஒரு நாள் ஐயாயிரம் கொடுப்பதைவிட மாதம் நானூறு கொடுங்கள், ஒவ்வொரு மாதமும் கொடுங்கள். தேதி தெரிந்து வருகிற சிறு பணத்தை நம்பித்தான் பள்ளி ஒருவரை வேலைக்கு வைக்க முடியும்.

பணம் இல்லாதவர்கள் தருவதும் பெரியது. எங்கள் பள்ளிக்கு மாதத்தின் முதல் புதன்கிழமை ஒரு முடிதிருத்தும் அண்ணன் வருகிறார். முதல் இரண்டு மாதம் அவர் கத்தரியையே எடுக்கவில்லை. சும்மா வந்து, சீப்பால் தன் தலையைச் சீவிக் காட்டிவிட்டுப் போனார். இப்போது மிஷின் போடாமல் வெறும் கத்தரியால் வெட்டுகிறார். முன்பெல்லாம் நாலு பேர் பிடித்துக்கொண்டு வெட்டுவோம், என் மகனுக்கு உடம்பெல்லாம் வியர்த்து நடுங்கும். மளிகைக் கடைக்காரர் ஒருவர் கூட்டமில்லாத பதினொரு மணிக்குப் பிள்ளைகளைச் சாமான் வாங்கவிடுகிறார். திருவிழாக் கமிட்டியில் இருக்கும் யாராவது ஒலிபெருக்கிப் பெட்டியைப் பள்ளிச் சுவரைப் பார்த்து வைக்காமல் பார்த்துக்கொண்டால் அதுவும் உதவிதான்.

கடலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்தப் பிள்ளைகளில் பலருக்குத் தண்ணீர் என்றால் உயிர். சத்தமில்லாமல் வீட்டிலிருந்து நழுவிப் போகிற பழக்கமும் பலருக்கு உண்டு. இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று இந்தக் கரையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2017-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு, ஆட்டிசம் உள்ள 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் நீரில் மூழ்கி இறக்கும் ஆபத்து மற்ற பிள்ளைகளைவிட 160 மடங்கு என்று கணக்கிட்டது. பிள்ளையைக் காணோம் என்றால் முதலில் தண்ணீர்ப் பக்கம் ஓடுங்கள். சொந்தக்காரர் வீடுகளில் அப்புறம் கேட்டுக்கொள்ளலாம். கிணறு, ஊருணி, இறால் பண்ணைக் குட்டை எல்லாம் கணக்கில் வரட்டும். ஜெட்டியில் இருப்பவர்களுக்கும் வாடியில் கருவாடு காயவைக்கும் பெண்களுக்கும் பிள்ளையின் முகம் தெரிந்திருக்க வேண்டும். என் வீட்டுக்காரர் மகனைப் பெண்கடல் பக்கம், பாக் நீரிணையின் ஆழமில்லாத தண்ணீரில் கூட்டிப்போய் நீந்தப் பழக்கினார். இரண்டு வருடம் ஆயிற்று. ஆண்கடலான மன்னார் வளைகுடாப் பக்கம் இன்னும் விடவில்லை.

ஏர்வாடியையும் பேசாமல் போக முடியாது. எல்லா மதத்துக்காரர்களும் நம்பிக்கையோடு போகிற தர்கா, நானும் மகனைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன். வேண்டிக்கொள்வதில் தவறில்லை. ஆனால் 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் அந்த ஊரில் தனியார் நடத்திய காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தப்பிக்க வழியில்லாமல் கருகிப்போனார்கள். அந்தக் காப்பகங்களை அரசு பிறகு மூடியது. கட்டிப்போடும் வழக்கம் வீடுகளுக்குள் முழுசாக ஒழிந்துவிடவில்லை. ஆட்டிசம் மனநோயும் இல்லை, பேயும் இல்லை. வேலைக்குப் போக வேண்டிய தாய், பிள்ளை கடலுக்குப் போய்விடுமே என்ற பயத்தில் கட்டிலின் காலில் துணியால் கட்டிவைக்கிறாள். அவளைத் திட்டி ஆவதென்ன, பிள்ளை பகலில் போய் இருக்க ஓர் இடம் வேண்டும். அந்த இடத்துக்குப் பெயர்தான் சிறப்புப் பள்ளி. குணமாக்கித் தருகிறேன் என்று லட்சக்கணக்கில் கேட்கும் ஸ்டெம்செல் ஊசிகளிடமும் எச்சரிக்கையாக இருங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் (ஐ.சி.எம்.ஆர்) 2017 வழிகாட்டுதல் ஆட்டிசத்துக்கு அதைச் சிகிச்சையாக ஏற்கவில்லை.

18 வயது என்பது எல்லாப் பெற்றோரையும் ராத்திரி எழுப்பிவிடுகிற எண். அந்த வயது தாண்டினால் பெற்றோராகவே இருந்தாலும் சட்டப்படி பாதுகாவலர் ஆகத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி அதை முடிவு செய்வது கலெக்டர் உள்ள உள்ளூர்க் குழு. எங்கள் பள்ளியில் அந்த வயதைக் கடந்த மூன்று பேர் இருக்கிறார்கள். ஓலைப்பெட்டி முடைகிறார்கள். ஒருவன் முடையும் ஓலையில் ஒரு இழைகூடப் பிசகாது. பெட்டிகள் விற்றுப்போகின்றன, ஆனால் அவர்களை வேலைக்குக் கூப்பிட இதுவரை யாரும் வரவில்லை.

இனித் தடைக்காலம். போன வருடம் டீச்சர் ஒரு யோசனை சொன்னார். என் வீட்டுக்காரர் கரையில் கிடந்த சிப்பிகளைப் பொறுக்கிவந்தார். இரண்டு கண்ணாடிப் பாட்டில், ஒன்றில் வேன் படம், ஒன்றில் படகுப் படம். வேன் திரும்பி வர எத்தனை நாளோ அத்தனை சிப்பி ஒன்றில், படகு போக எத்தனை நாளோ அத்தனை சிப்பி இன்னொன்றில். தினமும் காலையில் செருப்பை மாட்டும் நேரத்தில் ஒவ்வொரு பாட்டிலிலிருந்தும் ஒரு சிப்பியை எடுத்து அவன் வாளியில் போட வேண்டும். அட்டையில் படகு இருந்த கட்டங்களில் வலைப் படம் ஒட்டினோம். தடைக்காலத்தில் அப்பா வாசலில் உட்கார்ந்து வலை பார்ப்பார், இவன் மிதவைகளை எடுத்துக் கொடுப்பான். முதல் வாரம் வாளியிலிருந்து சிப்பியை எடுத்து மறுபடியும் பாட்டிலில் போட்டுக்கொண்டே இருந்தான். கையைக் கடித்தான். மூன்றாவது வாரத்தில் கடி குறைந்தது. தெருமுனைக்குப் போவதற்குப் பதில் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு வைத்துவிடுவான்.

இந்த ஏப்ரலுக்குப் பள்ளியில் உள்ள 14 பிள்ளைகளுக்கும் பாட்டில் தயார் செய்கிறோம். ஊறுகாய்ப் பாட்டில்களை மளிகைக் கடை அண்ணன் சேர்த்து வைத்திருக்கிறார். சிப்பிதான் பாதி சேர்ந்திருக்கிறது. ஒரே அளவாக இருக்க வேண்டும், விளிம்பு கையைக் கிழிக்கக் கூடாது, மொத்தம் ஆயிரத்துக்கு மேல் வேண்டும்.